அறுபதைத் தாண்டிய கொத்தனாரைச் சாரத்தில் ஏற்றலாமா?

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் சிறிய அளவில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் வேலை பார்ப்பவர்களில் மூன்று பேர் வயதானவர்கள். ஒருவர் இவருக்கே கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கொத்தனார். 62 வயது, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இன்னொருவர் கம்பி கட்டுபவர். மூன்றாவது, 57 வயதுச் சித்தாள் அம்மா. போன மாதம் சீலிங் பூசிக்கொண்டிருந்த கொத்தனாருக்குத் தலை சுற்றி, சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பார்த்த வீட்டுக்காரர், "வயசான ஆளுங்கள அனுப்பிருங்க, ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது" என்கிறார். எந்த வயதோடு நிறுத்த வேண்டும், அதற்குச் சட்டம் உண்டா என்பது தம்பியின் கேள்வி. அனுப்பவும் மனசு வரவில்லை, வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. கட்டுமானப் பாதுகாப்பு அதிகாரியாக முதலில் வளைகுடா நாடுகளிலும், பிறகு தொண்டியில் இருந்து சாயல்குடி வரை நம் கடற்கரையிலும் வேலை பார்த்தவன். மருத்துவர் இல்லை. அதனால் நோய், மாத்திரை பற்றிச் சொல்லும் இடங்களில், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்கிற அளவோடு நிற்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். இத்தனை வயதுக்கு மேல் கட்டட வேலை செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எல்லோரும் சொல்லும் அந்த 60, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் கணக்கு. வாரியத்தில் பதிவு செய்யும் வயது 18 முதல் 60 வரை. அதன் பிறகு ஓய்வூதியம். ஆள் அதற்கு மேலும் வேலை பார்க்கலாம். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: உங்கள் வேலையில் அடிபட்டவருக்கு 62 வயது என்பதால் உங்கள் இழப்பீட்டுப் பொறுப்பு போய்விடாது. வயது ஏற ஏற கணக்குப் போடும் காரணி குறையும், அவ்வளவுதான். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை செய்து தரும் பொறுப்பு முதலாளி மேல் வைக்கப்பட்டிருக்கிறது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று மத்திய அரசு அறிவித்தது. நாலு பேர் வைத்து வீடு கட்டும் மேஸ்திரியிடம் எந்த அதிகாரியும் வந்து இதைக் கேட்கப்போவதில்லை. நீங்களாகச் செய்தால் உண்டு.

இனி வயது. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. நடுவயதுக்குப் பிறகு தசை வலு குறைகிறது. மூச்சு வாங்காமல் தொடர்ந்து உழைக்கும் திறன், முப்பதுகளுக்குப் பிறகு பத்தாண்டுக்குப் பத்து சதவீதம் என்ற கணக்கில் இறங்குகிறது. உடலுக்குத் தண்ணீர் தேவைப்படும்போதும் தாகம் எடுப்பது மந்தமாகிறது. வியர்ப்பது குறைகிறது. வெயிலில் இருந்து இருட்டுக்குள் போனால் கண் பழக நேரம் பிடிக்கிறது. கால் இடறினால் சுதாரித்து நிற்பது தாமதமாகிறது. இது எல்லாருக்கும் பொது. ஆனால் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், வயது கூடக் கூட அந்த வித்தியாசமும் கூடும். இருபத்தைந்து வயதுப் பையன்கள் பத்துப் பேரை நிறுத்தினால் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அறுபது வயதுக்காரர்கள் பத்துப் பேரை நிறுத்துங்கள், ஒருவர் நாற்பது வயதுக்காரரைப் போல ஏணி ஏறுவார், இன்னொருவர் குடத்தைத் தூக்கவே கஷ்டப்படுவார். அதனால்தான் 'இந்த வயதோடு நிறுத்து' என்று ஓர் எண் சொன்னால் அது பாதிப் பேருக்குப் பொருந்தாது. இன்னொன்றும் தெரிந்த விஷயம்: வயதானவர்கள் இளைஞர்களைவிடக் குறைவாகத்தான் அடிபடுகிறார்கள். அனுபவம் காப்பாற்றுகிறது. ஆனால் அடிபட்டால் பலமாகப் படுகிறது, முறிந்த எலும்பு ஒன்றுசேர நாளாகிறது, விழுந்தால் உயிர் போகும் வாய்ப்பும் அதிகம். ஆகவே விழுவது, வெயில், பாரம் இந்த மூன்றிலும் கவனத்தை வைத்தால் போதும், மற்றதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

பெரியவரின் தலைச்சுற்றலுக்கு வருவோம், அதுதான் அவசரம். காரணம் தெரியும் வரை அவரைச் சாரத்திலும் ஏணியிலும் ஏற்றாதீர்கள். இதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. காரணம் என்ன என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் எங்கெல்லாம் தேடலாம் என்று சொல்ல முடியும். சீலிங் பூசும்போது தலையை அண்ணாந்து வைத்தபடியே கைகள் இரண்டும் தோளுக்கு மேலே நிற்கும். கழுத்தை அப்படி மடக்கும்போது காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பால் தலை சுற்றுவது ஐம்பதுக்கு மேல் மிகச் சாதாரணம். அது ஒன்று. இரண்டாவது, பிரஷர் மாத்திரை. சுவரின் அடியில் குந்திப் பூசிவிட்டுச் சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் விழலாம். உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்கினால், டாக்டர் மாத்திரையை மறுபடி யோசிப்பார். மூன்றாவது, சர்க்கரை மாத்திரை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையை 70-க்குக் கீழே இறக்கிவிடும். கான்கிரீட் போடும் நாளில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குப் போவது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து குறைவு. நான்காவது இதயத் துடிப்பில் கோளாறு. அதற்கு ஈசிஜி எடுக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, என்ன வேலை செய்கிறார் என்று சொல்லச் சொல்லுங்கள். 'கூலி வேலை' என்று சொன்னால் டாக்டருக்குச் சாரமும் வெயிலும் கண்ணுக்குத் தெரியாது. நீங்களே கூடப் போவது இன்னும் நல்லது. பிரஷர், சர்க்கரைக்கான மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வேலைக்குப் போய்விடுவதால் பலர் அதில் விட்டுப் போகிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வெயில் விஷயத்தில் நம் கரையில் ஒரு ஏமாற்று இருக்கிறது. மதுரை, வேலூர் அளவுக்கு இங்கே வெப்பமானி ஏறுவதில்லை. அதனால் 'கடல் காத்து இருக்கு, என்ன வெயில்' என்று நினைத்துக்கொள்கிறோம். உடம்பு தன்னைக் குளிர்விப்பது வியர்வை காய்வதால். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் இடத்தில் வியர்வை காயாமல் வழிந்து ஓடிவிடும். தண்ணீரும் உப்பும் போகும், உடம்பு மட்டும் குளிராது. சுற்றிலும் சுவர் எழும்பி ஜன்னல் திறக்காத அறைக்குள் பூச்சு வேலை செய்பவருக்குக் கடல் காற்றும் கிடையாது. வயதானவருக்கு இது இரட்டிப்புக் கஷ்டம், ஏனென்றால் வியர்வையும் குறைவு, தாகமும் குறைவு. நீர் இறக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் ஒரு படி மேல்.

இதில் நம் ஊருக்கே உரிய இன்னொரு சங்கதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் பலர் அந்த நாட்களில் கட்டட வேலைக்குக் கையாளாக வருகிறார்கள். வருடத்திலேயே மோசமான வெயிலும் அப்போதுதான். கடலில் உழைத்த உடம்புதான், சந்தேகமில்லை. ஆனால் கலவைச் சட்டியோடு மேலே கீழே ஏறி இறங்கும் சூட்டுக்குப் பழகாத உடம்பு. வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஒரு வாரம் வேலைக்கு வராமல் இருந்தாலே அந்தப் பழக்கம் குறையத் தொடங்கிவிடும். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது: புதிதாக வருபவருக்கு முதல் நாள் வெயிலில் வழக்கமான வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டிக்கொண்டே போவது. ஏற்கெனவே பழகி, இடையில் விட்டுப் போய்த் திரும்புபவருக்கு முதல் நாள் 50, பிறகு 60, 80, நாலாம் நாள் முழு வேலை. உங்கள் பெரியவர் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தாலும், பேரன் கல்யாணத்துக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் இதே கணக்குதான். நாள் கூலியில் 20 சதவீத வேலை நடக்குமா என்று சிரிக்காதீர்கள். அப்படியே செய்ய முடியாவிட்டால் முதல் சில நாள் பெரும்பகுதி நிழலில் செய்யும் வேலையாகக் கொடுத்து, வெயிலில் நிற்கும் நேரத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, வளைகுடாவுக்குப் போய் வந்தவர் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார், அவரிடம் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. அங்கே அதை மதித்து நடந்த ஆட்களே இங்கே வந்ததும் 'சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்' என்று உச்சி வெயிலில் நிற்கிறார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்குள் வெயில் வேலையை முடித்து, மூன்றரைக்கு மேல் மறுபடி எடுத்தால் மணிக்கணக்கில் ஒன்றும் குறையாது. இடையில் உள்ளே செய்யும் வேலையோ தூக்கமோ. கான்கிரீட் நாள்தான் சிக்கல், மிக்சர் ஓட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அன்றைக்கு வயதானவர்களைச் சட்டி கைமாற்றும் வரிசையில் நிறுத்தாதீர்கள்.

தண்ணீர். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், தாகம் எடுக்கிறதா என்று பார்க்காமல். ஒரேயடியாக மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிப்பதும் ஆபத்து, அது வேறு கோளாறு. நம் ஊரில் நிலத்தடி நீர் உப்பு. சுவருக்கு நனைக்க வந்த தண்ணீரையே அவசரத்துக்குக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல தண்ணீர்க் கேன் வேலை நடக்கும் தளத்திலேயே, நிழலில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கீழே இருந்தால் யாரும் இறங்கி வந்து குடிக்க மாட்டார்கள். வியர்க்கிறது என்பதற்காக உப்பை அள்ளிக் குடிக்க வேண்டியதில்லை. மூன்று வேளை சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டில் இருக்கும் உப்பே பெரும்பாலும் போதும். பிரஷர் உள்ளவர் உப்புக்கரைசலைத் தினசரிப் பழக்கமாக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். நீராகாரம், நீர்மோர் நல்லது, மோரில் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். பதநீர் எனக்கும் பிடிக்கும், ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு அது சர்க்கரைத் தண்ணீர்தான்.

வெயிலில் வேலை பார்ப்பவர் பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, காரணம் இல்லாமல் எரிந்து விழுந்தாலோ அது வெப்பத் தாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 108-க்கு ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் அவரை நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். மீன் வண்டியில் இருந்து ஐஸ் கிடைத்தால் அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. தீவில் இருந்து ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பாலம் தாண்டி ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிப் போக வேண்டும். அவ்வளவு தூரம் உடம்பு கொதித்துக்கொண்டே போகக் கூடாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் வியர்த்து நடுங்கினால், விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து முதலில் கொடுங்கள்.

சாரத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, சுருக்கப் பார்க்கிறேன். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் காலமெல்லாம் துருவோடுதான் சண்டை, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அந்த அளவு பராமரிப்பு இருந்த இரும்புக்கே அந்தக் கதி என்றால், வாடகைக்கு எடுத்த ஜாக்கியும் (முட்டுக் கொடுக்கும் இரும்புக் குழாய்), குழாய்களை இணைக்கும் கிளாம்பும் என்ன ஆகும்? குழாய்க்கு வெளியே பெயின்ட் அடித்திருப்பார்கள், உள்ளே அரித்திருக்கும். தட்டிப் பாருங்கள், மந்தமாகச் சத்தம் வரும் குழாயையும் மரை சரியாக ஏறாத கிளாம்பையும் திருப்பி அனுப்புங்கள். சவுக்குக் கம்பு என்றால் கயிற்றைப் பாருங்கள், உப்புக்காற்றிலும் வெயிலிலும் கிடந்த பழைய கயிறு வேண்டாம். நிற்கும் இடத்தில் ஒற்றைப் பலகை போடாதீர்கள், மூன்று பலகை சேர்த்துக் கட்டுங்கள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே குறுக்குக் கம்பு ஒன்று, அதற்கும் பலகைக்கும் நடுவில் இன்னொன்று. தலை சுற்றி உட்கார்ந்தவர் உட்கார்ந்ததோடு போகிறாரா, விழுகிறாரா என்பது அந்த இரண்டு கம்பில் இருக்கிறது. பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கொக்கியை ஆடுகிற சாரத்திலேயே மாட்டினால் சாரமும் ஆளும் சேர்ந்து வரும். கட்டடத்தின் தூணிலோ பீமிலோ கட்டிய தனிக் கயிற்றில் மாட்ட வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) பலமாக வீசும் மாதங்களில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, மதியத்துக்கு மேல் காற்று ஏறினால் வெளிச்சுவர் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சன்ஷேடு மேல் நின்று பூசும் பழக்கத்தை வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் நிறுத்துங்கள்.

ஏணியைவிடப் படிக்கட்டு நல்லது. ஸ்லாப்போடு சேர்த்துப் படியையும் போட்டுவிட்டு, அன்றைக்கே பக்கவாட்டில் ஒரு சவுக்குக் கம்பைக் கைப்பிடியாகக் கட்டிவிட்டால் பாதி ஏணி வேலை ஒழிந்தது. ஏணிதான் என்றால், நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி என்று காலைத் தள்ளி வைத்து, மேலே மூன்று அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கையில் சட்டியோடு ஏறக் கூடாது, சட்டி கயிற்றில் வரட்டும். இன்னொன்று, பலர் யோசிக்காதது: இரண்டு பார்வைக்குமாகச் சேர்த்துப் போட்ட கண்ணாடி. குனிந்து படியைப் பார்க்கும்போது கண் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கும், அது கிட்டப் பார்வைக்கு உள்ள பாதி, படி மங்கலாகத் தெரியும். இந்தக் கண்ணாடி போட்ட முதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள் என்பது ஆய்வில் உறுதியானது. ஏறி இறங்க தூரப் பார்வைக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி, நூல் பார்க்க வேறு கண்ணாடி என்று வைத்துக்கொள்ளட்டும். புரை விழுந்திருந்தால் அறுவை சிகிச்சை முடியும் வரை உயரம் வேண்டாம்.

பாரம். சிமென்ட் மூட்டை 50 கிலோ. எல்லாம் சாதகமாக இருக்கும்போதே, அதாவது இடுப்பு உயரத்தில், உடம்பை ஒட்டி, திரும்பாமல் தூக்கும்போதே ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ என்பது நியோஷ் கணக்கு. நாம் அதைப் போல இரண்டு மடங்கைத் தலையில் வைத்து மாடிக்கு அனுப்புகிறோம். மூட்டையை இரண்டு பேர் பிடிக்கட்டும், அல்லது கீழேயே பிரித்துப் பாதிப் பாதியாகப் போகட்டும். ஆறு அங்குல சாலிட் பிளாக் ஒன்றே 20 கிலோவைத் தாண்டும். ஏஏசி பிளாக் (நுண்துளைகள் கொண்ட லேசான கான்கிரீட் கல்) அளவில் அதைவிடப் பெரிது, எடையில் பாதிதான். கொத்தனாரின் இடுப்பைக் காப்பாற்ற மிகச் செலவில்லாத வழி, கலவைச் சட்டியையும் செங்கல்லையும் தரையில் வைக்காமல் முட்டிக்கு மேலே ஒரு மேடையில் வைப்பது. நாலு பிளாக்கை அடுக்கி மேலே பலகை போட்டால் மேடை. ஒரு நாளில் அவர் குனியும் எண்ணிக்கையை யோசித்துப் பாருங்கள்.

'லேசான வேலை' என்று நினைத்துப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் வேலைகளில்தான் எனக்கு நிறையச் சண்டை. டைல்ஸ் ஒட்டுவது லேசு என்கிறார்கள்; நாள் முழுக்க முட்டி போட்டு நகர்கிற வேலை அது, தேய்ந்த முட்டிக்கு அதைவிடக் கெட்டது இல்லை. கம்பி கட்டுவது தரையில்தானே என்கிறார்கள். ஸ்லாப் கம்பியின் மேல் இரண்டாக மடிந்து நின்று, உச்சி வெயிலில், சூடேறிய இரும்பைத் தொட்டுச் செய்கிற வேலை. உங்கள் கம்பி கட்டுபவரை முடிந்தவரை மேசை உயரத்தில் வளையம் வளைப்பதற்கும், தூணுக்கும் பீமுக்கும் கம்பிக் கூடு கட்டுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாப்பில் விரிப்பதை இளைஞர்கள் செய்யட்டும். சீலிங் பூச்சைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன், அறுபது வயதுக் கொத்தனாரிடம் இருந்து முதலில் எடுக்க வேண்டிய வேலை அது. ராத்திரிக் காவல், தூக்கம் கெடுவதால், சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றிவிடும். தனியாக இருப்பதால் விழுந்தாலும் காலையில்தான் தெரியும். அப்புறம் எதுதான் நல்ல வேலை? முட்டிக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில், தரையிலோ உறுதியான தளத்திலோ நின்று செய்யும் கட்டு வேலை. வாசல் நிலை வைப்பது, நூல் கட்டிக் கொடுப்பது, மூலை மட்டம், தூக்குக்குண்டு, ரசமட்டம் பார்ப்பது. இளம் கொத்தனார்கள் செய்ததைச் சரிபார்ப்பது. மற்றபடி, கலவை விகிதத்தைக் கவனிக்க ஓர் ஆளை நிறுத்தினால் மிச்சமாகும் சிமென்ட்டே அவர் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்துவிடும் என்பது என் அனுபவம்.

ஈர சிமென்ட் கடுமையான காரம். சர்க்கரையால் கால் மரத்துப் போனவருக்கு அது பூட்ஸுக்குள் புகுந்து தோலை அரித்தாலும் தெரியாது, சூடான தளம் பாதத்தைச் சுட்டாலும் தெரியாது. ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், உள்ளே கலவை போனால் உடனே கழற்றிக் கழுவட்டும். வீட்டுக்குப் போனதும் பாதத்தின் அடியைத் தினமும் யாராவது பார்க்க வேண்டும். டைல்ஸ், கிரானைட் வெட்டும்போது வரும் தூசு நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும், காசநோய்க்கும் வழி விடும். தண்ணீர் விட்டு வெட்டினால் தூசு பெருமளவு அடங்கும். முகத்தில் துண்டு கட்டுவதால் அந்த நுண்ணிய தூசு நிற்காது, என்95 முகக்கவசம் வேண்டும்.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது வலி மாத்திரை. சாயங்காலம் மெடிக்கலில் 'உடம்பு வலிக்கு ரெண்டு குடுங்க' என்று வாங்கிப் போடுவது நம் தொழிலில் டீ குடிப்பது மாதிரி ஆகிவிட்டது. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். சில பிரஷர் மாத்திரைகளோடும், வியர்த்து நீர் வற்றிய உடம்போடும் அவை சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். உங்கள் மூன்று பேரிடமும் நேராகக் கேளுங்கள், குறைந்தது ஒருவராவது தினமும் போடுபவராக இருப்பார்.

சித்தாள் அம்மா விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி: உங்கள் சைட்டில் கழிப்பறை இருக்கிறதா? இல்லையென்றால் அவர் காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல்தான் இருக்கிறார். பெண்கள் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார்கள். அந்த வெயிலில் அப்படி இருந்தால் மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் வராமல் என்ன செய்யும்? மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக வலுவிழக்கிறது, சாதாரணமாக வழுக்கி விழுந்தாலே மணிக்கட்டோ இடுப்போ முறியும். தலையில் சட்டியோடு ஏணி ஏற வேண்டாம். ரத்தசோகைக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடட்டும். தகரத்தில் நாலு பக்கம் அடைத்த கழிப்பறைக்கு ஆகும் செலவு, வீட்டின் கணக்கில் ஒரு மூலைக்கும் வராது.

உறுதியில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். இடுப்புப் பெல்ட் கட்டினால் முதுகு பிசகாது என்று விற்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது; கட்டியவர் தைரியம் வந்து கூடுதலாகத் தூக்கினால் நஷ்டம்தான். காலையில் எல்லோரையும் நிறுத்தி உடற்பயிற்சி செய்ய வைப்பது அடிபடுவதைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எனக்கு அது பிடிக்கும், வேறு காரணத்துக்காக: யார் கை தூக்க முடியாமல் நிற்கிறார், யார் முகம் வாடியிருக்கிறது என்று அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வேலையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் உடம்புக்கு நல்லது என்பது நியாயமாகப் படுகிறது. ஆனால் சீலிங்கில் இருந்து எடுத்து டைல்ஸில் போடுவது மாற்றம் ஆகாது, வலி தோளில் இருந்து முட்டிக்குப் போகும், அவ்வளவுதான்.

கடைசியாகப் பெரியவரிடம் எப்படிப் பேசுவது. அவர் தலைச்சுற்றலை இதற்கு முன்பும் மறைத்திருக்கலாம், சொன்னால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதால். அதனால் கூலியை முதலில் பேசுங்கள்: 'சம்பளம் அதேதான், சாரம் மட்டும் வேண்டாம்' என்று. கூலியைக் குறைத்துவிட்டு இறக்கினால் அவர் வேறு மேஸ்திரியிடம் போய் அதே சாரத்தில் ஏறுவார். எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். 'இந்தப் பசங்களுக்கு மூலை எடுக்கத் தெரியல, நீங்க கீழ நின்னு பாத்துக்குங்க மாமா' என்று கேட்டால் மறுக்க மாட்டார். அது உண்மையும்கூட. வாரிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 60 முடிந்தும் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால், ராமநாதபுரத்தில் தொழிலாளர் உதவி ஆணையரின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்துக்கு அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு அழைத்துப் போங்கள். சித்தாள் அம்மாவுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வாரிய உறுப்பினர் இல்லையென்றால் இந்த மாதமே பதியுங்கள். கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை பார்த்திருந்தால் போதும், அந்தச் சான்றில் கையெழுத்துப் போடக்கூடியவர்களில் நீங்களும் ஒருவர். வீட்டுக்காரரிடம், ஆட்களை அனுப்பவில்லை, சாரத்துக்குக் கைப்பிடியும் சைட்டுக்குக் கழிப்பறையும் நிழலுக்குப் பந்தலும் போடுகிறோம், அதற்கு இவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பொறுப்பைப் பற்றிக் கேட்டவர் அவர்தான், அதில் பாதியை அவர் ஏற்கலாம்.